தலையாட்டி வாங்கிய காளை

1

தலையை ஆட்டி ஒரு காளையை வாங்கி இந்த மாதத்தோடு பத்து வருஷம் ஆகிறது. மற்றவர்கள் பிறந்தநாள், கல்யாண நாள் என்று கேக் வெட்டுவார்கள். நான் வேலை பார்க்கும் பண்ணையில் வருஷா வருஷம் மறக்காமல் நினைவுபடுத்தப்படும் நாள் இது ஒன்றுதான். நேற்று காலையும் ஏலத்துக்குக் கிளம்பும் முன் முதலாளி கிரெக் வழக்கம்போல என் எதிரில் வந்து நின்றார். "மரே, கை பாக்கெட்டில். தலை நேராக." மரே என்பது நான்தான். பெண்ணாடத்தில் முருகவேல் என்று வைத்த பெயரை இங்கே வந்த இரண்டாம் நாளே சுருக்கி, வெளுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு வந்து எனக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணை. எந்தப் பசு எப்போது ஈன்றது, கன்று என்ன எடை, எது சினைப்படவில்லை என்று பதிவேடு வைத்துக்கொள்வது என் வேலை. பண்ணையை மூடிவிட்டுப் போகிற ஒருவர் எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார். டிராக்டர், தண்ணீர்த் தொட்டி, வேலிக் கம்பி, கடைசியில் நான்கு காளைகள். கிரெக் தன் ஏல எண் எழுதிய அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னிடம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய ஆங்கிலத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. புரியாதபோது நாம் என்ன செய்வோம்? அப்படிங்களா, சரிங்க, ஆமாங்க என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவோம். மரியாதை தெரிந்த வீட்டுப் பிள்ளை, ஆட்டினேன். ஒவ்வொரு ஆட்டலுக்கும் ஏலக்காரர் ஒரு படி விலையை ஏற்றினார். எனக்குப் போட்டியாக யாரோ ஒருவர் ஏற்றிப் பார்த்து, என் உறுதியைக் கண்டு பயந்து விலகிக்கொண்டார்.

கிரெக் டீயோடு திரும்பி வந்தபோது மூன்றாவது காளை எங்களுடையதாக இருந்தது. அவர் காளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பார்க்க அழகாகத்தான் இருக்கிறது" என்றார். வேலை போகவில்லை. அதனால்தான் இதை இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

அழகு என்றால் அப்படியொரு அழகு. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, ஒரு பக்கம் சாய்ந்த திமில், நடந்தால் திரைச்சீலை மாதிரி அசைந்து கழுத்தடியில் தொங்கும் அலைதாடி. இனத்தின் பெயர் பிராமன். ஊருக்குப் போன் பேசும்போது இந்தப் பெயரை நான் உச்சரிப்பதில்லை. உச்சரித்தால் இறைச்சி என்கிற சொல்லையும் பக்கத்திலேயே சொல்ல வேண்டியிருக்கும், யார் யாரோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியாது. எங்கள் அம்மா தெருவில் சொல்லி வைத்திருப்பது, மகன் பால் கம்பெனியில் இருக்கிறான் என்று. பாலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவு, கன்று குடிப்பதோடு முடிந்துவிடும்.

இந்த இனத்தின் மூதாதையர் நம் நாட்டிலிருந்து கப்பல் ஏறிப் போனவர்கள்தான். வெயிலும் உண்ணியும் தாங்குகிற உடம்பு என்று எங்கெங்கோ கொண்டுபோய், கலந்து, கடைசியில் இங்கே குடியேற்றியிருக்கிறார்கள். என்னைவிடச் சீக்கிரமாக நிரந்தரக் குடியுரிமை வாங்கிய ஒரே இந்தியன். எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், ஆங்கிலத் தேர்வு இரண்டு முறை, கடலூரிலிருந்து போலீஸ் சான்றிதழ். சான்றிதழுக்காக அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்துக்கும் பெண்ணாடத்துக்கும் நான்கு நடை பஸ் ஏறினார். பையன் நல்லவன் என்று எழுதிக் கொடுக்க ஓர் அரசாங்கத்துக்கு அத்தனை நாள் யோசனை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்ளே விடுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்கிற விஷயத்தில் இந்த ஊர்க்காரர்கள் மனுஷனுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் காட்டுவதில்லை. பொலிகாளை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது திமிலை அல்ல, குளம்பை. நடக்க முடியாத காளை பசுவைத் தேடிப் போகாது. பிறகு கண், தாடை, மனுஷர் கிட்டே போனால் முறைக்கிறதா விலகுகிறதா என்கிற குணம். அதன் தாய் வருஷம் தவறாமல் ஈன்றவளா, அதன் கன்றுகள் பிறக்கும்போது சிறுத்தும் பிறகு பெருத்தும் வருமா என்று பட்டியல். கடைசியில் காளையைக் கிரஷ் என்கிற இரும்புக் கூண்டுக்குள் நிறுத்தி, மாட்டு டாக்டர் விதைப்பையை டேப் வைத்து அளப்பார், விந்து எடுத்து அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பாஸ், ஃபெயில், இரண்டே வார்த்தை. ஒரு பசு கெட்டால் ஒரு கன்று போகும், ஒரு காளை கெட்டால் ஒரு வருஷமே போகும் என்பது கிரெக்கின் கணக்கு. முதலீடு என்று இங்கே சொல்வது காளையைத்தான்.

நான் தலையாட்டி வாங்கிய காளைக்கு மட்டும் இந்தச் சடங்கு நடக்கவில்லை. மழை தொடங்கிவிட்டது, பாதை மூடிவிடும், டாக்டர் வர முடியாது. அவசரத்தில் கிரெக் தன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் விதியைத் தானே மீறி, இன்னும் ஈனாத முப்பது கிடேரிகள் இருந்த வேலிக்குள் அதைத் திறந்துவிட்டார்.

3

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா சுமதிக்குக் கல்யாணம் ஆகிப் பதினான்கு வருஷம். அப்போது நான் அண்ணாமலை நகரில் விவசாயப் படிப்பை முடித்து, வேலை கிடைக்கும்வரை, படிக்கும்போது தங்கிய லாட்ஜ் அறையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகத்தில் கிளார்க். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, அளவாகச் சிரிப்பு. நடை நேராக இருந்தது என்பதை மட்டும் நான் இன்றைய கண்ணோடு உறுதி சொல்வேன்.

ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்தார். அதில் யோனிப் பொருத்தம் என்று ஒன்று உண்டு, நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம். மாமா உத்திரம், அவருக்கு வந்தது எருது. அக்கா உத்திரட்டாதி, அவளுக்குப் பசு. "எருதும் பசுவும்! இதுக்கு மேல என்னா பொருத்தம் வேணும் உங்களுக்கு?" என்றார் ஜோசியர். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீ என்னாடா சொல்ற?" என்று என்னையும் ஒரு வார்த்தை கேட்டார்கள். பெண்ணின் தம்பி, சம்மதம் கேட்பது முறை. பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினேன்.

எருது என்பதை ஏட்டில் பார்த்ததோடு நம் பரிசோதனை முடிந்தது.

4

மூன்று மாதம் கழித்துக் கிடேரிகளுக்குச் சினைப் பார்த்தோம். முப்பதில் நான்கு. மற்றதெல்லாம் வெறும் வயிறு.

படித்தவன் இல்லையா, அன்றைக்கே நான் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டு போய் கிரெக்கிடம் நீட்டினேன். கிடேரிகளுக்குத் தாது உப்பு போதவில்லை, தீவனத்தை மாற்றலாம், ஒவ்வொன்றாகப் பிடித்துக் கர்ப்பப்பையைப் பார்க்கலாம், குறையுள்ளதைக் கழித்துவிடலாம். ஒன்பது யோசனைகள். கிரெக் பொறுமையாகப் படித்தார். "காளையைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

"அது நன்றாக இருக்கிறதே" என்றேன்.

"நன்றாக இருப்பது தெரிகிறது. பார்த்தாயா?"

மறுநாள் டாக்டர் வந்தார். காளை கூண்டுக்குள் ராஜா மாதிரி நின்றது. டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, என்னையும் பார்க்கச் சொல்லி நகர்ந்து இடம் விட்டார். பார்த்தேன். அசைந்தது ஏதோ ஒன்றிரண்டுதான். நான் எழுதிய ஒன்பது யோசனைகளில் காளை என்கிற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முப்பது கிடேரிகளையும் பிடித்துக் குடைய நான் தயாராக இருந்தேன். ஒரு காளையைக் கேள்வி கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு நாளில் அந்தக் காளை லாரி ஏறியது. எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே வாரம் அம்மா போன் செய்தாள். அக்கா கோயிலில் மண்சோறு சாப்பிட்டாளாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பிள்ளை இல்லாத பெண், இலை இல்லாமல், தட்டு இல்லாமல், வெறும் தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து சாப்பிடுவது. இது அவளுக்கு மூன்றாம் முறை. "மாமா வந்தாராம்மா?" என்று கேட்டேன். "அவுரு எதுக்குடா? ஆபீஸ் இருக்குல்ல" என்றாள் அம்மா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்ராஸ்கோப்பில் பார்த்த கண் இன்னும் காயவில்லை, காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் அக்காவுக்கு விட்டமின் மாத்திரை ஆறு புட்டி வாங்கி அனுப்பினேன். மாமாவிடம் கேட்கலாம் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது, நன்றாகவே தோன்றியது. ஆனால் அவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. மாப்பிள்ளை வந்தால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார். அவரிடம் போய் மச்சான்காரன் எப்படிக் கேட்பது? அக்காவைக் கிடேரியோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டுப் பார்த்தால் கிடேரிக்குத்தான் மரியாதை ஜாஸ்தி.

5

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா வீடியோ காலில் வந்தார். அவராகக் கூப்பிடுவது வருஷத்தில் ஒரு தடவை, பொங்கலுக்கு. இது பொங்கல் இல்லாத நாள்.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. ஒங்க அக்காவ நான் என்னா கொறயா வச்சிருக்கேன், நீயே சொல்லு."

"இல்லீங்க மாமா."

"அம்மாவுக்கு வயசாயிடுச்சி. கண்ண மூடறதுக்குள்ள ஒரு வாரிச பாக்கணும்னு அழுவுறாங்க. விருத்தாசலம் பக்கம் ஒரு பொண்ணு பாத்துருக்காங்க. ஏழப்பட்ட குடும்பம், நம்ம ஆளுங்கதான். வக்கீல்கிட்ட டைவர்ஸ் பேப்பர் ரெடி பண்ணியாச்சி. சுமதி ஒரு கையெழுத்து போட்டுட்டா எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும். அதுக்குன்னு வெளிய தொரத்திடுவனா? மாடியில ரூம்பு காலியாத்தான் கெடக்குது, இருந்துக்கட்டும். நீ சொன்னா கேக்கும்."

மாடியில் ரூம்பு. கழித்த மாட்டுக்குக்கூட இங்கே தனி வேலி உண்டு என்று சொல்ல வந்தேன். "மாமா, டாக்டர் யார்கிட்டயாவது நீங்க ஒரு தடவ" என்று தொடங்கினேன்.

"எல்லாம் பாத்தாச்சி மச்சான். பாண்டிச்சேரி, மெட்ராசு, எத்தினி டாக்டரு. சுமதிக்கு எவ்ளோ செலவு!"

"அக்காவுக்கு இல்லீங்க. உங்களுக்கு."

"எனக்கா?" சிரித்தார். "எங்க பரம்பரையிலயே அந்தப் பேச்சு கெடையாது. எங்கப்பாவுக்கு நாங்க ஆறு பேரு."

காளை ஏலப் புத்தகத்திலும் முதல் வரி அப்பாவைப் பற்றித்தான் இருக்கும். கிரெக் அந்த வரியைப் படிப்பதே இல்லை. இதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. "சரிங்க மாமா, அக்காகிட்ட பேசறேன்" என்றேன். திரையின் மூலையில் என் தலை சின்னதாகத் தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

போனை வைத்ததும் பின்னால் என் மகள் யாழினி நின்றாள். பன்னிரண்டு வயது. தமிழ் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும், தமிழில் வருகிற ஒன்றிரண்டும் ரயிலைத் தவறவிட்ட மாதிரி மூச்சிரைத்துக்கொண்டு வரும். அவளுக்கு நல்லது கெட்டது தெரியவில்லை, பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை என்று ஊரில் எல்லோருக்கும் வருத்தம். எனக்கும்தான். ஆனால் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் மாட்டுக் கூண்டின் பக்கத்தில் வளர்ந்தவள்.

"அப்பா, அந்த மாமாவை டெஸ்ட் பண்ணவே இல்லையா?"

"பெரியவங்க விஷயம்மா."

"ஆனா நீ எல்லா காளையையும் டெஸ்ட் பண்றியே."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நல்ல வேளை, கண்டிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். "புள்ள கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

6

அக்காவைக் கூப்பிட்டேன். வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெயில், மழை, அப்பாவின் முட்டி வலி எல்லாம் விசாரித்தேன்.

"பேப்பருக்குத்தான கூப்பிட்ட?" என்றாள்.

"ஆமாக்கா. ஆனா நீ போடாத. மாமா ஒரு டெஸ்ட்டு எடுக்கட்டும். அதுக்கப்பறம் பேசலாம்."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.

"பாண்டிச்சேரி டாக்டரம்மா அப்பவே சொல்லிட்டாங்கடா. கல்யாணமாயி நாலாவது வருஷம். ஒனக்கு எல்லாம் சரியா இருக்கு, அடுத்த தடவ அவரக் கூட்டிகிட்டு வான்னாங்க. வந்து சொன்னேன். ரெண்டு நாளு சாப்புடல அவுரு. மூணாவது நாளு, இன்னொரு வாட்டி அந்த டாக்டருகிட்ட போனா கால ஒடச்சிடுவேன்னாரு. அதோட விட்டுட்டேன்."

"நாலாவது வருஷமா?"

கணக்குப் போட்டேன். என் காளை லாரி ஏறிய அதே வருஷம். அவள் மண்சோறு சாப்பிட்ட அதே வருஷம். தன்னிடம் குறையில்லை என்று தெரிந்துகொண்டே தரையில் குனிந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"எப்பிடிடா சொல்றது? புருஷனப் பத்தித் தம்பிகிட்ட சொல்ற விஷயமா அது? நீயா கேப்பன்னு இருந்தேன். மாட்டுக்கெல்லாம் பாத்துப் பாத்துச் சொல்றவன், ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு அவரக் கேப்பான்னு இருந்தேன். நீ மாத்தர அனுப்புன."

அழுகை வந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

"அந்த மாத்தரய என்னக்கா பண்ண?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"கருவேப்பலச் செடிக்குப் போட்டேன். நல்லா தழைச்சி நிக்குது."

பிறகு அவளே சொன்னாள். கையெழுத்துப் போடத்தான் போகிறாளாம். மாடி ரூம்பெல்லாம் வேண்டாம், தான் தைக்கப் போகும் டைலரிங் கடைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டாளாம். "அவுருக்காவ இல்ல, எனக்கே போதும்னு இருக்கு. ஆனா அந்தப் பேப்பர்ல எனக்குக் கொழந்த பெத்துக்கத் தகுதி இல்லன்னு ஒரு வரி எழுதியிருக்காங்க. அத எடுத்தாத்தான் போடுவேன்."

"நான் மாமாகிட்ட கேக்கறேன்க்கா. இப்பவே."

"கேளு. எனக்கு இனிமே அதுல ஒண்ணும் ஆவப்போறதில்ல." மிக்ஸி மறுபடியும் ஒரு சுற்று ஓடியது. "அந்த விருத்தாசலத்துப் பொண்ணுக்கு ஒரு அண்ணன் இருக்கானாம். நம்பர் வாங்கி வச்சிருக்கேன், அனுப்பறேன். அவனாவது கேக்கட்டும்."

7

மாமாவிடம் கேட்டேன். பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக, சரிங்க போடாமல், தலையை ஆட்டாமல் கேட்டேன். குறை அவரிடம்தான் என்று நான் சொல்லவில்லை, பார்க்கவே இல்லை என்றுதான் சொன்னேன். "மாடு மேய்க்கிற புத்திய எங்கிட்ட காட்டாத" என்று வைத்துவிட்டார். வரி இன்னும் பேப்பரில் இருக்கிறது, அதனால் கையெழுத்தும் இல்லை.

நேற்றைய ஏலத்தில் இரண்டு காளைகள் எடுத்தோம். இரண்டும் பாஸ் ஆனவை. பார்க்கச் சுமார்தான், ஒன்றுக்குக் காது வேறு மடங்கியிருக்கிறது. கை பாக்கெட்டில், தலை நேராக நின்றேன் என்று கிரெக் பாராட்டினார்.

திரும்பி வந்ததும் அக்கா அனுப்பிய நம்பரைப் போட்டேன். இரண்டு ரிங்கிலேயே எடுத்துவிட்டான். பின்னால் பஸ் ஹாரன், கூட்டச் சத்தம்.

"அலோ, யாருங்க?"

"மாப்பிள்ளையோட மச்சான் பேசறேன்" என்றேன். "பழைய மச்சான்."

வைத்துவிடுவானோ என்று பயந்து, பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை, யாரென்றே தெரியாத அவனிடம் அவசர அவசரமாகக் கேட்டேன்.

"தம்பி, மாப்பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"